ஒன்றரைக் கிலோ ஈட்டி

எங்கள் தாண்டிக்குடி வீட்டில் ஒரு ஈட்டிக் கட்டில் இருக்கிறது. அப்பா செய்தது. வெள்ளையடிக்க அதை நகர்த்த வேண்டுமென்றால் தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட வேண்டும். வந்த நாலு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பிப் போவார்கள். ஈட்டி, தோதகத்தி, ரோஸ்வுட் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் சின்ன வயதிலிருந்து எனக்கு அந்த மரம் என்றால் கனம்.

போன மாதம் கொடைக்கானல் பூண்டு மண்டி ஒன்றில், யாவாரம் இல்லாத நேரம் பார்த்து, என் கிட்டாரை எடை மேடையில் படுக்க வைத்தேன். 1 கிலோ 540 கிராம். அதன் முதுகும் விலாவும் முழுக்க ஈட்டி. மண்டிக்காரர் முள்ளைப் பார்த்தார், நான் தூக்கிவந்த பெட்டியைப் பார்த்தார். "இம்புட்டுக்குண்டுக்கா அண்ணே அம்மாம் பெரிய பெட்டி?" என்றார்.

அந்த ஒன்றரைக் கிலோவைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டரை வருஷமாக அலைகிறேன். வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறந்தாலே என் மனைவி அடுப்பில் எதையோ வைத்துவிட்டேன் என்று எழுந்து போய்விடுகிறாள். ஆகவே எழுதுகிறேன்.

கிட்டார் என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் குதிப்பது ஞாபகம் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். இது கிளாசிக்கல் கிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைச் சின்ன மணைமேல் தூக்கி வைத்து, வலது கை நகத்தாலும் விரல் நுனியாலும் மீட்ட வேண்டும். ஆறு தந்திகளில் மெல்லிய மூன்றும் நைலான். தடித்த மூன்றும் நைலான் இழைக் கற்றைமேல் உலோகம் சுற்றியவை. 1940-கள் வரை மெல்லிய மூன்றும் குடலில் முறுக்கிய தந்திகள்தான். யுத்தத்தில் நல்ல குடல் கிடைக்காமல் போனபோது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானைப் பிடித்தார். மின்சாரம் கிடையாது, ஒலிவாங்கி கிடையாது. விரல் நகம் ஒன்றை வைத்துக்கொண்டு அரங்கின் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். வீட்டில் வாசிக்கிற கிட்டாருக்கும் கச்சேரி கிட்டாருக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கடைசி வரிசைதான்.

இது நமக்கு அந்நியமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் இளையராஜா. எங்கள் மலையின் தெற்குச் சரிவில் இறங்கிப் பெரியகுளம், தேனி என்று போய்க்கொண்டே இருந்தால் அவர் ஊர் பண்ணைப்புரம் வந்துவிடும். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பிறகு மலையில் கிட்டார் வாங்கிய பையன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன். ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்தது சினிமாவால் இல்லை. பாலிஷ் வேலைக்குப் போன இடத்தில்.

அப்பா ஆசாரி. சீசன் முடிந்து கொடைக்கானல் காலியானதும் பங்களாக்காரர்கள் பழைய மேஜை நாற்காலிகளுக்கு பிரெஞ்சு பாலிஷ் போட அவரைக் கூப்பிடுவார்கள். அரக்கைச் சாராயத்தில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அந்தப் பொட்டணத்தால் மரத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது அது. 1984 என்று நினைக்கிறேன், எனக்குப் பதின்மூன்று வயது. ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் நான் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வாசிக்க ஆரம்பித்தார். ஒரே ஆள்தான், ஒரே வாத்தியம்தான். ஆனால் கீழே ஒருவர் நடக்கிறார், நடுவில் ஒருவர் பேசுகிறார், மேலே ஒரு குருவி விடாமல் சிறகடிக்கிறது. மூன்றும் சேர்ந்து கேட்டது. பிறகு வருஷங்கள் கழித்துத்தான் அது ஃபிரான்சிஸ்கோ தாரேகா எழுதிய 'அல்ஹாம்ப்ராவின் நினைவுகள்' என்றும், அந்தச் சிறகடிப்பு டிரெமலோ என்றும் தெரிந்துகொண்டேன். கட்டைவிரல் ஒரு அடி அடிக்கும். பின்னாலேயே மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று மூன்றும் ஒரே தந்தியில் ஓடும். வேகம் கூடினால் மூன்று விரல் தெரியாது, நீளமான ஒரே நாதம்தான் தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து அப்பா, "அரக்கு காயுதுடா" என்று அதட்டியது இப்போதும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு முப்பத்தெட்டு வருஷம் நான் வாசித்தது பிளைவுட் பெட்டிகள். மதுரையில் வாங்கிய முதல் கிட்டாரின் கழுத்து ஒரே மழைக்காலத்தில் வில்லாக வளைந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2022 ஏப்ரலில் மகளைப் பார்க்க ஸ்பெயின் போனேன். அவள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் கிரானாடா. எல்லோரும் அல்ஹாம்ப்ரா அரண்மனை பார்க்கப் போகிற ஊர். அரண்மனைக்கு ஏறுகிற தெருவின் பெயர் குவெஸ்தா தெ கொமேரெஸ். நெட்டுக்குத்தான ஏற்றம், இரண்டு பக்கமும் கிட்டார் பட்டறைகள். நான் அரண்மனைக்குப் போய்ச் சேரவே இல்லை. டிக்கெட் எடுத்திருந்தோம், மகள் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

அங்கே ஒரு பட்டறையின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்ததும் முதலில் வந்தது வாசனை. மரத்தூள், அதற்குள்ளே வச்சிரப் பசை. ஆமாம், அதே வச்சிரம்! தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அதை நீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து இளக்க வேண்டும். ஃபெவிகால் டப்பா வந்த பிறகு நம் ஆசாரிமார் மறந்துபோன வாடை. அப்பாவின் பட்டறையில் அது எனக்குக் குமட்டும். கிரானாடாவில் அதை மோந்ததும் கண் கலங்கிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "இருக்கிற ஆர்டரே எனக்குச் சாகிற வரைக்கும் போதும்" என்றார். எனவே இந்தக் கட்டுரையில் அவர் கிரானாடா ஆசாரி.

மகள் மொழிபெயர்த்தாள். பாதி நேரம் அதற்கும் தேவை இருக்கவில்லை. அவர் ஒரு பலகையை எடுத்து, இழைப்புளியால் ஓரத்தில் ஒரு சீவு சீவி, சுருளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். லேசான இனிப்பு, காய்ந்த ரோஜா, கொஞ்சம் மிளகு. "ஈட்டி!" என்று கத்திவிட்டேன். அவர் பலகையைக் காட்டி "இந்தியா" என்றார். என்னைக் காட்டியும் "இந்தியா" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் காப்பித் தோட்டத்து எல்லையில் மிளகுக்கொடி ஏறி நிற்கிற மரம், கட்டிலாகவும் நிலைப்படியாகவும் மட்டுமே எனக்குத் தெரிந்த மரம், அங்கே சுவரோரம் அடுக்கடுக்காக, தேதி எழுதி, பெண் பார்த்து வைத்த மாதிரி ஜோடி ஜோடியாக நிற்கிறது. ஒரே கட்டையைப் புத்தகம் விரிக்கிற மாதிரி இரண்டாகப் பிளந்து ஒட்டினால் ஒரு முதுகு. வலது பக்க ரேகையும் இடது பக்க ரேகையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒத்துப்போகும்.

ஒரு காலத்தில் இந்த இடத்தில் பிரேசில் ஈட்டி இருந்தது. அதை வெட்டி வெட்டித் தீர்த்த பிறகு 1992-ல் அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பிருந்தே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான் உலகத்துக் கிட்டார் பட்டறைகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. இன்று நல்ல கச்சேரி கிட்டார் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் நம்மூர் மரம்தான் தெரியும். வயநாடோ, குடகோ, நீலகிரியோ, எங்கள் மலையோ, பலகைக்கு ஊர் எழுதிவைக்கவில்லை. எங்களுடையது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

முன்பலகைக்கு ஸ்புரூஸா, சீடரா என்று கேட்டார். செந்நிறச் சீடரை 1960-களில் மாட்ரிட்டில் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் பரப்பினார். முதல் நாளே வெல்லப்பாகு மாதிரி பாடும். ஸ்புரூஸ் அப்படியில்லை. வாசிக்க வாசிக்க, வருஷக்கணக்கில் திறக்கிற மரம் அது. குளிர்தேசத்து மலையில் மெதுவாக வளர்ந்ததால் ரேகைகள் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று என்று தலை வாரிவிட்ட மாதிரி நேராக ஓடும். எங்கள் ஊரிலும் பைன் காடு இருக்கிறதே, அதில் செய்ய முடியாதா என்று கேட்டேன். கைப்பேசியில் படத்தைப் பார்த்தார். வேகமாக வளர்ந்த மரத்துக்கு ரேகை அகலம், கிட்டாருக்கு ஆகாது, அடுப்புக்கு ஆகும் என்று மகள் வழியாகப் பதில் வந்தது. சுற்றுலாக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படமெடுக்கிற மரங்களைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஸ்புரூஸ் என்று சொன்னேன்.

இனிமேல்தான் விஷயம்.

அந்த முன்பலகையை அவர் இழைக்கிற நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று மில்லிமீட்டரில் ஆரம்பித்தது. கொஞ்சம் சீவுவார். பலகையின் ஒரு இடத்தை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, காதோரம் வைத்து, மறு கை முட்டியால் தட்டுவார். 'டொக்'. சீவுவார். தட்டுவார். 'டொங்'. பிறகு இரண்டு கையாலும் பிடித்து, அப்பளத்தை உடைக்கப் போவது மாதிரி மெல்ல வளைத்துப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் தட்டியபோது ஒலி உடனே அடங்கவில்லை, நீண்டு நின்றது. அவர் முகம் மாறியது. இரண்டே கால் மில்லிமீட்டர் இருக்கலாம். அளவுகோலை எடுக்கவே இல்லை.

இந்தக் கிட்டாருக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் அந்தோனியோ தெ தோரெஸ், 1817-ல் அல்மேரியா அருகே பிறந்தவர், 1892-ல் இறந்தார். அவரும் ஆசாரிதான். கடைசிக் காலத்தில் பாதிரியார் ஒருவர் ரகசியம் என்னவென்று கேட்டாராம். ரகசியம் எல்லார் முன்னாலும்தான் இருக்கிறது, ஆனால் அது என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருப்பதால் என்னோடு போய்விடும் என்ற பொருளில் சொன்னாராம். இதைப் படித்தபோது கொஞ்சம் அலட்டல் என்றுதான் நினைத்தேன். கிரானாடா ஆசாரியின் இரண்டு விரலைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்தப் பலகை தாங்க வேண்டிய பாரம் என்ன தெரியுமா? ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் நாற்பது கிலோ இழுக்கும். ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓயாமல் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பலகை தாங்கும், ஆனால் அசையாது, பேசாது. மெல்லிய பலகை பேசும், ஆனால் ஒருநாள் மடிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் விசிறி இருக்கிறது. பலகையின் உள்பக்கம் ஏழு மெல்லிய குச்சிகள், விரித்த விசிறி மாதிரி ஒட்டப்பட்டிருக்கும். விசிறியைத் தோரெஸ் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். முன்பலகைதான் குரல் என்பதைக் காட்டுவதற்கே 1862-ல் ஒரு கிட்டார் செய்தார். முன்பலகை மட்டும் மரம், முதுகும் விலாவும் அட்டை. அது இன்னும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் ஈட்டி எதற்கு, அட்டையே போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் ஈட்டிப் பலகையைத் தட்டிக் காட்டினார். மணி! மரத்தைத் தட்டியதற்கு மணிச் சத்தம். குரல் முன்பலகையுடையது என்றாலும் அந்தக் குரல் போய் மோதித் திரும்புகிற சுவர் முதுகு. பஞ்சுச் சுவரா, கோயில் மண்டபச் சுவரா என்பதில் வித்தியாசம் இல்லையா?

இப்போதெல்லாம் ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் வழியில், பால்சாவும் கார்பன் இழையும் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முன்பலகையைக் காகிதமாக்கிச் செய்கிறவர்கள் உண்டு. ஜான் வில்லியம்ஸ் மாதிரியான மேதைகள் வாசிக்கிறார்கள். சத்தம் பெரிதுதான். என் காதுக்கு அது பாதி பாஞ்சோ. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தஞ்சாவூர் வீணை செய்கிற பட்டறை ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பலாக் கட்டையைக் குடைந்து குடைந்து குடம் எடுப்பார்கள். ஒரே கட்டையில் முழு வீணையும் எடுத்தால் ஏகாண்ட வீணை. கட்டைக்குள்ளேயே வீணை இருக்கிறது, வேண்டாததை எடுத்துவிடுகிறார்கள். கிட்டார் நேர் எதிர். ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். விலாவுக்கான ஈட்டிப் பட்டையை நனைத்து, உள்ளே நெருப்பு வைத்த இரும்புக் குழாயில் அழுத்தி அழுத்தி வளைத்தார். எங்கள் மலையில் மூங்கிலை அனலில் வாட்டிக் கூடைக்கு வளைப்பார்கள், அதே கைப்பக்குவம். ஆனால் மூங்கில் வளைவதற்கென்றே பிறந்தது. ஈட்டி முறிவதற்கென்றே பிறந்தது. பட்டையிலிருந்து ஆவி எழும்பும்போது அறை முழுக்க வாசனை. பலவந்தம் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. இடுப்பு வளைவு வந்த கணத்தில் நான் மூச்சு விட்டேன், அவர் விசிலடித்தார்.

கழுத்தின் அடிக்கட்டையில் இரண்டு பக்கமும் வாய் வெட்டி, விலாக்களை அதற்குள் செருகுகிறார். கழுத்தும் உடம்பும் சேர்ந்தே பிறக்கின்றன, பிறகு கொண்டுவந்து பொருத்துவதில்லை. ஸ்பெயின் முறை என்று இதற்குப் பெயர். விலாவும் முன்பலகையும் சேர்கிற விளிம்பில் உளுந்து வடை அளவுகூட இல்லாத சின்னச் சின்ன மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வச்சிரம் தொட்டு வைத்து, அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்கிறார். எத்தனை? எண்ண ஆரம்பித்து நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கழுத்துக்கு 'ஸ்பெயின் சீடர்' என்று பெயரிருந்தாலும் அது அமெரிக்கக் கண்டத்து மரம், வேப்பங்குடும்பம். நம்மூர் சந்தன வேம்புக்குப் பங்காளி. விரல் ஓடுகிற பலகை கருங்காலி. நம் ஊரில் யாரையாவது கருங்காலி என்றால் அடிக்க வருவான். அங்கே அதற்குத்தான் இருப்பதிலேயே மரியாதையான இடம். அதில் பத்தொன்பது மெட்டுகள். வீணை மாதிரி மெழுகில் உட்காரவில்லை, மரத்தில் அறுத்த கோட்டில் இறங்கி நிற்கின்றன.

மூன்றாம் நாள் மழை. வேறொருவருக்காக முடியும் தறுவாயில் இருந்த பெட்டியை அன்றைக்கு மூடப்போவதாகச் சொல்லியிருந்தார், அதைப் பார்க்க நான் காலையிலேயே போய்விட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானியைப் பார்த்தார். அறுபதைத் தாண்டி நின்றது முள். தலையை ஆட்டினார். முதுகுப் பலகையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, காப்பி குடிக்கப் போகலாம் என்றார். ஈரத்தில் மரம் வீங்கியிருக்கும். அப்போது ஒட்டிவிட்டால், காய்ந்த ஊருக்குப் போனதும் மரம் சுருங்கும், எங்கேயாவது வெடிக்கும். நாற்பத்தைந்து, ஐம்பதில் முள் நின்றால்தான் மூடுவார். எப்போது மூடுவீர்கள் என்று கேட்டதற்கு, வானத்தைக் காட்டிவிட்டார். எனக்கு மறுநாள் பேருந்து. மூடுவதைப் பார்க்கவில்லை.

என்னுடையதற்குப் பதினாறு மாதம். விலையைச் சொல்ல மாட்டேன். மனைவியிடம் யூரோவில் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய்க் கணக்குப் போட்டுவிட்டு வந்து, மூன்று நாள் பேசவில்லை. ஆகஸ்ட் 2023-ல் மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் அதைச் சரக்கில் போடச் சொல்லி ஒரு சண்டை. பிள்ளையை மாதிரி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் அழுத பிறகு உள்ளே விட்டார்களாம். ஈட்டியாயிற்றே, அதற்கு வேறு காகிதம் கேட்பார்களோ என்று எனக்குப் பயம். 2017 ஜனவரியிலிருந்து ஈட்டிக் குடும்பம் மொத்தத்தையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். இசைக் கலைஞர்கள் எல்லைகளில் அவதிப்பட, 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நல்லவேளை.

இதை எழுதும்போதே ஒரு நெருடல். எங்கள் தோட்டத்தில் நிற்கும் ஈட்டியை, பட்டா நிலமே ஆனாலும், நினைத்தபோது வெட்டிவிட முடியாதபடி தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அப்பா அப்போது திட்டித் தீர்த்தார். எனக்கும் கோபம். இப்போது அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போது, ஒரு கட்டிலுக்குப் போன மரத்தில் எத்தனை கிட்டார் இருந்திருக்கும் என்று மனசு கணக்குப் போடுகிறது. அந்தக் கட்டிலில்தான் நான் பிறந்தேன் என்பதால் கணக்கை முடிப்பதில்லை.

பெட்டியைத் திறந்த நாளைச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்த மரத்துக்கு மூச்சு வாங்கட்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தேன். அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். மறுநாள் காலை எடுத்து, சுருதி கூட்டி, ஆறாம் தந்தியை ஒரே ஒருமுறை கட்டைவிரலால் தொட்டேன்.

நெஞ்சில் கேட்டது. காதுக்கு வருவதற்கு முன்னால், முதுகுப் பலகை என் நெஞ்சில் சாய்ந்திருந்த இடத்தில் கேட்டது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசி நனைத்து, உள்ளங்கையால் ஒரு 'தொம்' வைத்தால் வயிற்றில் ஒன்று உருளுமே, அது. முதல் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டைப் பிடித்தேன். பிளைவுட் பெட்டிகளில் அந்த இடம் தகர டப்பா. இதில் ஒவ்வொரு சுரமும் கிணற்றில் விழுந்த கூழாங்கல் மாதிரி உருண்டு, விழுந்த பிறகு வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. நகத்தைக் கொஞ்சம் சாய்த்தால் குரல் வெண்ணெய். தந்தியைக் கட்டுகிற பாலத்துக்குப் பக்கத்தில் போய் மீட்டினால் எலுமிச்சை. துளைக்கு மேலே வந்தால் தம்பூரா. நான் ஒன்றும் செய்யவில்லை, விரலை மூன்று அங்குலம் நகர்த்தினேன், அவ்வளவுதான்! முப்பத்தெட்டு வருஷமாக என் விரலில் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பாதி என் விரலில் இல்லை. மீதிப் பாதி என்னுடையதுதான். இந்த வாத்தியம் அதையும் மறைக்காமல் எல்லாருக்கும் கேட்க வைக்கிறது. தப்பாக வாசித்தால் நாகரிகமாகச் சொல்லாமல் விடுகிற பழக்கம் அதற்கு இல்லை.

அன்று சாயங்காலம் தாரேகாவை வாசித்தேன். டிரெமலோ இன்னும் எனக்குச் சீராக வராது, மோதிர விரல் நொண்டும். ஆனால் கீழே ஒருவர் நடந்தார், நடுவில் ஒருவர் பேசினார், குருவி வந்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "பரவால்ல, அந்த யூரோவுக்கு" என்றாள். அவள் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அது.

கொடைக்கானலில் இதை வளர்ப்பது கைக்குழந்தை வளர்ப்பதுதான். இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம். ஐப்பசி கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது முள் தொண்ணூறைத் தொடும். பெட்டிக்குள் ஒரு குட்டி ஈரப்பதமானி, சிலிக்கா பைகள். பைகள் தீர்ந்துபோனால் வறுத்த அரிசியைத் துணியில் கட்டி வைப்பேன். ஜனவரியில் காற்று காய்ந்து உதடு வெடிக்கும்போது ஈரப் பஞ்சு. பழனிக்கோ மதுரைக்கோ கீழே எடுத்துப்போனால் கார் ஜன்னலை இறக்க மாட்டேன். என் ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறேன், இதன் ஈரப்பதத்தை தினம் மூன்று வேளை.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறார். பெட்டியைத் திறந்த அன்று கிட்டாரை மடியில் வாங்கினார். வாசிக்கச் சொல்லவில்லை. முட்டியால் முதுகைத் தட்டினார். விளிம்பை நகத்தால் தடவி மூட்டு தேடினார், கிடைக்கவில்லை. துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, "வச்சிரம் போட்டிருக்கான்" என்றார். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இது நம்ம பாலிஷுடா" என்றார். ஆமாம், அரக்கு. நம் ஊர்ப் பூச்சி மரக்கிளையில் கக்கி வைப்பது. பெரும்பகுதி ஜார்க்கண்ட் பக்கம் விளைவது. ஈட்டியின் மயிர்த்துளைகளை நுரைக்கல் தூளால் அடைத்துவிட்டு, பொட்டணத்தால் நூறு தடவைக்கு மேல் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பூச்சு. மூச்சுக் காற்றளவு மெல்லிசு. பலகையின் வாயைப் பொத்தாது.

அந்த மெல்லிசுதான் இப்போது பிரச்சினை. இரண்டரை வருஷத்தில் என் வலது முன்கை படுகிற விளிம்பில் வியர்வை பட்டு பூச்சு தேய்ந்து மங்கிவிட்டது. கிரானாடாவுக்கு எழுதினேன். அது வழக்கம்தான், உள்ளூரில் அரக்கு பாலிஷ் தெரிந்த ஆள் இருந்தால் தொட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்று பதில் வந்தது.

அப்பா பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பொட்டணத் துணி தேடினார். செதில் அரக்கு நானே வாங்கி வந்தேன். பாட்டிலில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது, தேன் நிறத்தில். கை நடுங்குமே என்று எனக்குப் பயம். சொல்லவும் முடியவில்லை. நேற்றுக் காலை முற்றத்தில் முக்காலி போட்டு, கிட்டாரைக் கம்பளியில் படுக்க வைத்து, பழையபடி நான் துணி கிழித்துக் கொடுத்தேன். அப்பா பொட்டணத்தை நனைத்து, தன் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். பிறகு பேரிஜம் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாம்டா. ஈரக்காத்துல போட்டா வெளுத்துரும்" என்று பொட்டணத்தைப் பாட்டில் வாயிலேயே வைத்து மூடிவிட்டார். "வெயில் வரட்டும்."

இன்றைக்கும் வரவில்லை.